எதையும் முடிவு செய்யாமல் ஓவியராவது எப்படி?

அரூப ஓவியராக வேண்டும் என்று ஆசை. ஆனால் "இந்த மூலையில் ஏன் சிவப்பு வைத்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் கைகால் உதறுகிறது. இந்தக் கையேடு உங்களுக்குத்தான். கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில பெரிய ஓவியர்கள் அந்தக் கேள்விக்கு அசைக்க முடியாத பதில் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: "நான் வைக்கவில்லை, சீட்டில் விழுந்தது." கேட்டவர் வாயடைத்து நிற்கும் நேரத்தில் நீங்கள் காபி குடிக்கப் போய்விடலாம்.

இந்தத் தொழிலுக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரிந்தால் போதும். ரசனை இருப்பவர்களுக்குத்தான் சிரமம். அவர்கள் அதைச் சில மாதங்களுக்கு எங்கேயாவது அடகு வைத்துவிட்டு வரலாம். கற்பனை வளம், உள்ளொளி, சிறுவயதில் பட்ட துயரம் எதையும் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பொறுமை மட்டும் வேண்டும். எவ்வளவு என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள்.

குருவைப் பிடித்தல்

என் சிபாரிசு பிரான்சுவா மொரெல்லே. 1926-ல் மேற்குப் பிரான்ஸின் ஷோலே என்ற ஊரில் பிறந்தவர், 2016-ல் அதே ஊரில் காலமானவர். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு தொழிற்சாலை. கைக்குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டிகளும் பொம்மைகளும் செய்தார்கள். 1970-களின் நடுப்பகுதி வரை அதை நிர்வகித்துக்கொண்டேதான் மனிதர் படமும் போட்டார். படம் விற்றுத்தான் அடுப்பெரிய வேண்டும் என்ற நிலை இல்லாததால் வாங்குபவருக்குப் பிடிக்குமா என்று யோசிக்கவும் தேவையிருக்கவில்லை. ஆகவே முதல் அறிவுரை: கையில் தொழிற்சாலை இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

1960-ல் மொரெல்லே செய்தது இது. ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கேன்வாஸை எடுத்தார். குறுக்கே 200 வரிசை, நெடுக்கே 200 வரிசை என்று கோடு போட்டார்; 40,000 சின்னச் சின்னக் கட்டங்கள். பிறகு ஊர் டெலிபோன் டைரக்டரியை எடுத்து மனைவி கையிலோ மகன்கள் கையிலோ கொடுத்து எண்களை வாசிக்கச் சொன்னார். இரட்டைப்படை இலக்கம் வந்தால் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒற்றைப்படை வந்தால் அப்படியே விடுவது. வாசிப்பு முடிந்ததும் குறி போட்ட கட்டங்களுக்கு நீலம், மற்றவற்றுக்குச் சிவப்பு. தலைப்பு: டெலிபோன் டைரக்டரியின் ஒற்றை இரட்டை எண்களின்படி 40,000 சதுரங்களின் தற்செயல் விநியோகம். தலைப்பிலேயே செய்முறை முழுவதும் இருக்கிறது. விமர்சகருக்கு எழுத எதுவும் மிச்சம் வைக்காதது இந்த மனிதரின் பெரிய சேவை.

பொறுமைக் கணக்குக்கு இப்போது வரலாம். ஒரு இலக்கத்தை வாசித்து, கேட்டு, குறி போட நான்கு விநாடி; வர்ணம் பூச ஆறு விநாடி. கட்டத்துக்குப் பத்து விநாடி என்றால் 40,000 கட்டத்துக்கு 111 மணி நேரம். சோறு, தூக்கம், "ஏங்க, இது ஏழா ஒண்ணா, அச்சு சரியாத் தெரியலையே?" ஆகியவை இதில் சேராது. சோம்பேறிகளுக்கான கலை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் இந்தப் படத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இல்லை.

டைரக்டரிக்கு எங்கே போவது?

இன்று உங்கள் வீட்டில் டெலிபோன் டைரக்டரி இருக்காது. பரணில் இருந்தாலும் எலி பாதி படித்திருக்கும். செல்போனில் சேமித்து வைத்திருக்கும் எண்களை எடுக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். நம் ஊரில் எண்ணை யாரும் தற்செயலாக வாங்குவதில்லை. கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும், எட்டு வரவே கூடாது, கடைசி மூன்று இலக்கம் வண்டி நம்பரோடு ஒத்துப்போக வேண்டும் என்று கடைக்காரரை அரை மணி நேரம் படுத்தி வாங்கிய எண்கள் அவை. வண்டி நம்பரும் அப்படித்தான். பணம் கட்டி வாங்கிய 0001-ல் தற்செயல் எங்கிருந்து வரும்? எண்கணித ஜோதிடர் கைபட்ட எண்ணை வைத்துப் படம் போட்டால் அது உங்கள் படம் இல்லை, அவர் படம்.

ஓ.டி.பி. நல்ல சரக்கு. ஆறு இலக்கம், யாரும் ராகுகாலம் பார்த்து அனுப்புவதில்லை. ஆனால் 40,000 கட்டத்துக்கு 6,667 ஓ.டி.பி. தேவைப்படும். நூறாவதைத் தொடுவதற்கு முன்பே வங்கி உங்கள் கணக்கை முடக்கிவிடும். பழைய டைரக்டரிதான் சிறந்தது. பழைய புத்தகக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

கிடைத்ததும் ஒரு விஷயம் கவனியுங்கள். சென்னைத் தரைவழித் தொலைபேசி எண்கள் பெரும்பாலும் 2-லோ 4-லோ தொடங்கும். இரண்டும் இரட்டை. எண்களை முதல் இலக்கத்திலிருந்து அப்படியே வாசித்தால் எட்டுக் கட்டத்துக்கு ஒரு முறை நிச்சயமாக நீலம் விழும். 200-ஐ எட்டால் வகுத்தால் மீதியே வராது என்பதால் படம் முழுக்க மேலிருந்து கீழாக நீலக் கம்பிகள் நிற்கும். ஜன்னல் வரைந்துவிட்டீர்கள் என்று வாழ்த்துவார்கள். மொரெல்லே இதை யோசித்திருந்தார். அவர் ஊர் எண்களிலும் முதல் சில இலக்கங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். அவற்றை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சற்று நில்லுங்கள். "எதையும் நான் முடிவு செய்யவில்லை" என்ற மனிதர், எந்த இலக்கம் செல்லும், எந்த இலக்கம் செல்லாது என்று முதலிலேயே ஒரு முடிவு எடுத்திருக்கிறார். நிறம் நீலமும் சிவப்பும் என்பது இன்னொரு முடிவு. அந்த இரண்டும் பொடிப்பொடியாக அக்கம்பக்கம் வந்தால் கண் கூசும், படம் நின்ற இடத்தில் நிற்காமல் துடிக்கும். கட்டம் எத்தனை என்பதும் அவர் முடிவுதான். மன்னிக்கவும், இந்த மூன்றை நீங்களும் எடுத்தாக வேண்டும். இதற்கு மேல் எதுவும் இல்லை.

கட்டை உருட்டுதல்

இருக்கிறது. டைரக்டரி கிடைக்காதவர்கள் வீட்டிலிருக்கும் தாயக்கட்டையை எடுக்கலாம். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. ஏழு விதமாக விழும்: தாயம், இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு. ஏழு நிறத்தை ஏழுக்கும் ஒதுக்கி உருட்ட ஆரம்பித்தால் நியாயமாகத்தானே இருக்கும்?

இருக்காது. இரண்டு கட்டையும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். அதில் நான்கு விதம் மூன்று. பன்னிரண்டுக்கு ஒரே ஒரு வழிதான், இரண்டும் வெறுமையாக விழ வேண்டும். ஆறுக்கும் ஒரே வழி. ஆகவே மூன்றுக்கு நீங்கள் மஞ்சளைக் கொடுத்திருந்தால் 40,000 கட்டத்தில் ஏறக்குறைய 10,000 மஞ்சளாகும். பன்னிரண்டுக்குக் கறுப்பைக் கொடுத்திருந்தால் 2,500-தான் கறுப்பு. இரண்டையும் இடம் மாற்றியிருந்தால் பொழுது விடிந்த படம் அமாவாசைப் படம் ஆகியிருக்கும். கட்டை உருள்வதற்கு முன்பே படத்தின் குணம் முடிவாகிவிட்டது, அதை முடிவு செய்தது நீங்கள். தாயம் விழாமல் காய் இறக்க முடியாது என்று பாட்டி கறாராக உட்கார்ந்திருந்ததெல்லாம் இந்தக் கணக்கு தெரிந்துதான். எட்டில் ஒரு முறைதான் அது விழும்.

சோழர்கள் இதை நம்மைவிடத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆனால் குடத்துக்குள் போக என்ன தகுதி? முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் கிட்டவே வரக்கூடாது. சிறுவன் கைக்கு எதுவும் தெரியாது. குடத்துக்குத் தெரியும். உங்கள் ஓவியத்திலும் வேலையெல்லாம் குடத்தில்தான். யாராவது "எல்லாம் தற்செயல்" என்று பேட்டி கொடுத்தால், பேட்டி எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குடத்துக்குள் என்ன போட்டீர்கள்?

எல்ஸ்வொர்த் கெல்லியின் குடம் அழகானது. அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களை ஏமாற்றக் காற்றடைத்த ரப்பர் டாங்கிகளை நிறுத்தி வைத்த படைப்பிரிவில் இருந்தவர். கண்ணை ஏமாற்றுவதில் அரசாங்கப் பயிற்சி என்று சொல்லலாம். போருக்குப் பின் 1948-ல் பாரிஸுக்குத் திரும்பி வந்து ஆறு ஆண்டு தங்கினார். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கான பசைத் தாள்கள், பின்பக்கம் நாக்கால் நனைத்து ஒட்டுகிற வண்ணத் தாள்கள், கடைகளில் கிடைத்தன. 1951-ல் பதினெட்டு நிறத்துக்கும் எண் கொடுத்து, சீட்டெழுதிக் குலுக்கி எடுத்து, சதுரம் சதுரமாக ஒட்டிக்கொண்டே போனார். இப்படி எட்டுப் படங்கள். எட்டுக்கும் விதிமுறை கொஞ்சம் கொஞ்சம் வேறு. நிறங்கள் அவர் கலந்தவை அல்ல, தாள் தயாரித்தவர் கலந்தவை. "இந்தப் பச்சை ஏன்?" என்ற கேள்வியையும் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார். கற்றுக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு அவர் செய்த 'செய்ன்' எனக்கு இன்னும் பிடித்தது. பாரிஸ் நதியின் நீரில் வெளிச்சம் சிதறுவதைப் படமாக்க வேண்டும். அலையைப் பார்த்து வரைந்தால் அலை மாதிரி இருக்கும். அது எல்லோரும் செய்வது. கெல்லி ஒரு கட்டவலை போட்டு, பத்தி பத்தியாகப் போனார். ஓரத்துப் பத்தியில் ஒரே ஒரு சீட்டு எடுத்து அந்த எண்ணுள்ள கட்டத்தை மட்டும் கறுப்பாக்குவது, அடுத்ததில் இன்னொன்று கூட, அதற்கடுத்ததில் இன்னும் ஒன்று என்று நடுவை நோக்கிக் கறுப்பு ஏறிக்கொண்டே போகும். நடுவைத் தாண்டியதும் அதே கணக்கில் இறங்கும். எந்தக் கட்டம் என்பதைச் சீட்டு சொன்னது. எத்தனை கட்டம் என்பதைக் கெல்லி சொன்னார். எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அதனால் எழவே இல்லை, ஓரத்துக்கு வந்ததும் படம் தானே முடிந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் தண்ணீர்தான் தெரிகிறது.

விழுந்ததை விழுந்தபடி விடுதல்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நாணயம் சுண்டி இரண்டு நிறத்தில் 200 கட்டம் நிரப்பிப் பாருங்கள். எங்கேயோ ஓரிடத்தில் ஒரே நிறம் ஆறோ ஏழோ தொடர்ந்து வந்து நிற்கும். அப்படி வராமல் இருப்பதுதான் அபூர்வம். உங்கள் கை பரபரக்கும். "இது தற்செயல் மாதிரியே இல்லையே" என்று நடுவில் மற்ற நிறத்தை வைக்கத் தோன்றும். வைத்தீர்களோ, போயிற்று. தற்செயல் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத் தற்செயலைத் திருத்திய முதல் ஆள் நீங்கள் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

ஏனென்றால் இந்தக் கலையின் முன்னோடிகளே அந்தச் சந்தேகத்தில் இருக்கிறார்கள். சூரிச்சில் டாடா என்ற கலைக் கோஷ்டியில் இருந்த ஹான்ஸ் ஆர்ப், பிடிக்காமல் போன ஓவியம் ஒன்றைக் கிழித்துத் தரையில் போட்டாராம். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் துண்டுகள் விழுந்திருந்த விதமே அவர் தேடிக்கொண்டிருந்ததாம். நண்பர் ஹான்ஸ் ரிக்டர் சொன்ன கதை. 1916-17-ல் ஆர்ப் செய்த, தற்செயலின் சட்டங்களின்படி அடுக்கிய சதுரங்கள் என்ற பொருள்படும் தலைப்புள்ள ஒட்டுப்படம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், அல்லது புத்தகத்தில் பாருங்கள். நீலமும் வெளிர் நிறமுமாகக் கிழித்த சதுரங்கள் பெரும்பாலும் நிமிர்ந்து, ஒன்றையொன்று இடிக்காமல், ரயிலில் முன்பதிவுப் பெட்டி ஆட்கள் போல மரியாதையாக உட்கார்ந்திருக்கின்றன. மேலிருந்து உதிர்த்த காகிதம் இப்படி விழாது என்பது எச்சில் இலை எடுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் தெரியும்.

மார்செல் துஷாம்பின் கதை இதைவிட ருசி. 1913-14-ல் ஒரு மீட்டர் நூலை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கேன்வாஸின் மேல் விழவிட்டு, விழுந்த வளைவை அப்படியே ஒட்டி வைத்ததாகச் சொன்னார். மூன்று முறை. அந்த மூன்று வளைவுக்கும் மரத்தில் அளவுகோல் செய்து, எல்லாவற்றையும் குரோக்கே விளையாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் வைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த மீட்டரைத் தற்செயலின் கையில் கொடுத்துக் கோணல் மாணலாக்கிய செயல் என்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதித் தீர்த்தார்கள். 1999-ல் கலைஞர் ரோண்டா ஷியரரும் விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டும் கேன்வாஸின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். நூல் ஓட்டை வழியாகப் பின்னால் போயிருக்கிறது. மேலிருந்து விழுந்த நூல் துணிக்குள் நுழைந்து பின்பக்கம் போகாது. தைத்தால்தான் போகும் என்று எழுதினார்கள். எண்பது ஆண்டுகளாக ஒருவரும் படத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பது துஷாம்ப் உருட்டிய தாயத்திலேயே பெரிய தாயம்.

இரண்டு பேரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுத்தமாகக் குலுக்கி எடுத்த அழகற்ற படத்துக்கும், கொஞ்சம் கைவைத்த நல்ல படத்துக்கும் நடுவில் அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். பிறகு முதலாவது என்று பெயர் வைத்தார்கள். நீங்களும் கைவைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு யோசனை: பின்பக்கத்தை மூடிவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்கள் தெருவில் தினமும் காலையில் விதிமுறை வைத்துத்தானே கோலம் போடுகிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடக்கூடாது, ஒரு புள்ளியையும் சுற்றாமல் விடக்கூடாது, இழை கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் இந்த விதிமுறைகளைக் கணினி மொழிகளின் இலக்கணமாக எழுதிக் காட்டிக் கோலத்தை உலகக் கணினி ஆய்வுக்குள் கொண்டுபோனார்கள். ஆனால் கோலத்தில் குலுக்கல் இல்லை. பிசகினால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். நம் தொழிலில் பிசகுதான் சரக்கு, அழிக்க உரிமை கிடையாது. மேலும் கோலம் போடுபவர் ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். இது நமக்குக் கட்டுப்படியாகாது.

அளவு குறைத்துச் சாப்பிட விரும்புபவர்கள்

எல்லாவற்றையும் குடத்திடம் கொடுக்கப் பயமாக இருந்தால் வேரா மோல்னாரைப் பின்பற்றலாம். புடாபெஸ்டில் 1924-ல் பிறந்து, பாரிஸில் வாழ்ந்து, நூறு வயது நெருங்கும்போது 2023-ல் மறைந்தவர். கணினி கைக்குக் கிடைக்காத 1959-லேயே, தானே ஒரு கணினி என்று பாவித்துக்கொண்டு ஆரம்பித்தார். விதிமுறை எழுதுவார், பிறகு அதை ஒரு எழுத்துப் பிசகாமல் கையாலேயே நிறைவேற்றுவார். தனக்குத் தானே மேலதிகாரி, தனக்குத் தானே குமாஸ்தா. அதற்குக் கற்பனை இயந்திரம் என்று பெயரும் வைத்தார். 1968-ல் நிஜக் கணினி கிடைத்தது. அவர் தாரக மந்திரம் ஒரு சதவீத ஒழுங்கின்மை. சதுரங்களை வரிசை வரிசையாக ஒழுங்காக நிற்க வைத்து, அதில் துளி அளவுக்கு மட்டும் கலைத்துவிடுவது. நூற்றில் ஒன்று எந்த நூற்றில், எது அந்த ஒன்று என்று கேட்காதீர்கள். மன்னிக்கவும், அதுவும் உங்கள் முடிவுதான். கணக்கு வைத்துக்கொண்டிருந்தீர்களென்றால் இதோடு எத்தனையாவது என்று எனக்கும் சொல்லுங்கள்.

ஜியோமிதிப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் ஆங்கிலேயர் கென்னத் மார்ட்டினிடம் போகலாம். கட்டவலையில் கோடுகள் வெட்டும் புள்ளிகளுக்கெல்லாம் எண், எண்களைச் சீட்டுகளில் எழுதி இரண்டிரண்டாக எடுப்பது, வந்த இரண்டு புள்ளியையும் கோட்டால் சேர்ப்பது. 1984-ல் சாகும் வரை பதினைந்து ஆண்டுக்கு மேல் இதையே செய்தார். 'தற்செயலும் ஒழுங்கும்' என்று தொடருக்குப் பெயர். சிக்கனமான மனிதர்.

பெரிய ஆர்டர் வந்தால்

ஒருநாள் பேராலயத்திலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள். சிரிக்காதீர்கள், கெர்ஹார்ட் ரிக்டரைக் கூப்பிட்டார்கள். மேலே கதை சொன்ன ரிக்டர் வேறு, இவர் வேறு. 1966-ல் பெயின்ட் கடையில் கொடுக்கும் நிற மாதிரி அட்டைகளைப் பார்த்து, அதையே பெரிதாக வரைந்தவர். 1974-ல் 1,024 நிறங்களை நான்கு நான்கு முறை தற்செயலாக அடுக்கி 4,096 கட்டத்தில் படம் செய்தார். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் இரண்டாம் உலகப்போரின்போது அழிந்துபோன பெரிய தெற்கு ஜன்னலுக்கு இருபதாம் நூற்றாண்டுத் தியாகிகளின் உருவம் வேண்டும் என்று நிர்வாகம் முதலில் கேட்டது. ரிக்டர் 72 நிறத்தில் 11,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களைக் கணினியை விட்டுக் குலுக்கி அடுக்கிக் கொடுத்தார். 113 சதுர மீட்டர். 2007 ஆகஸ்டில் திறந்தார்கள். கொலோன் பேராயர் கர்தினால் மைஸ்னர் திறப்புக்கு வரவில்லை. இது மசூதிக்குத்தான் பொருந்தும் என்ற பொருளில் பிறகு பேசினார். வெயில் விழும்போது தரையெல்லாம் நிறம் கொட்டிக் கிடப்பதைப் பார்க்க அன்றிலிருந்து கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் குடத்திலும் என்ன போட்டார் என்று பாருங்கள். 72 நிறமும் அந்தப் பேராலயத்தின் பழைய ஜன்னல்களில் ஏற்கெனவே இருந்த நிறங்களை ஒட்டி எடுத்தவை. அதனால்தான் எண்ணூறு ஆண்டுக் கட்டடம் அந்தப் புது ஜன்னலைத் துப்பிவிடவில்லை. எந்தக் கணினியும் இதைச் சொல்லிக் கொடுக்காது. அப்புறம், அவர் இதற்குக் கூலி வாங்கவில்லை. இந்த அம்சத்தை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

பண விஷயம் வந்துவிட்டதால் ஒரு எச்சரிக்கை. தற்செயலை நம்பிப் படம் போடலாம், சாப்பிட முடியாது. துஷாம்ப் 1924-ல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் ஆடப் பணம் திரட்ட ஐந்நூறு பிராங்க் கடன் பத்திரங்கள் வெளியிட்டார். பத்திரத்தில் அவர் முகம்; தலைமுடியெல்லாம் சவர நுரை, அதில் இரண்டு கொம்பு. முதலீட்டாளருக்கு நம்பிக்கை ஊட்டும் படம் இல்லைதான். ஜெயிப்பதற்கு ஒரு முறை வகுத்து வைத்திருந்தார். நாள் கணக்காக உட்கார்ந்து ஆடினார். பெரிதாக ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அப்புறம் சதுரங்கத்துக்கே போய்விட்டார். பிரான்ஸ் அணிக்காக ஒலிம்பியாடில் ஆடுகிற அளவுக்குத் தீவிரம். கவனியுங்கள், சதுரங்கத்தில் தற்செயலே கிடையாது. தற்செயல் ஓவியத்தின் மூத்த குரு ஓய்வெடுக்கத் தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-ல் டொரான்டோவில் இசையமைப்பாளர் ஜான் கேஜோடு மேடையில் ஆடினார். காய் நகர்ந்தால் பலகையிலிருந்து ஒலி கிளம்பும்படி செய்திருந்தார்கள், அதுதான் கச்சேரி. ஒரு குதிரையை விட்டுக்கொடுத்தும் துஷாம்ப்தான் ஜெயித்தார். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

காட்சிக்கு வைத்தல்

படத்துக்குத் தலைப்பு வைக்கும்போது 'மௌனத்தின் நிழல்', 'அகவெளி எண் 7' என்றெல்லாம் இறங்காதீர்கள். மொரெல்லே வழியில் செய்முறையையே எழுதுங்கள். தலைப்பு நீளமாக இருந்தால் பார்வையாளர் அதைப் படித்து முடிக்கும் வரை படத்தின் முன் நிற்பார். அதுவே சராசரியைவிட அதிகம். பக்கத்தில் ஒரு அட்டையில், பயன்படுத்திய டைரக்டரி எந்த ஆண்டு எந்த ஊர் என்று போட்டுவிடுங்கள். கேள்வி கேட்கிறவர்கள் அதைப் பற்றிக் கேட்பார்கள். "எங்க தாத்தா நம்பர் இதில் இருக்கா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். இருக்கிறது என்று சொல்லுங்கள். மேலிருந்து ஐம்பதாவது வரிசை, இடமிருந்து நூற்றுச் சொச்சம்.

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்கு நாணயம் சுண்டலாம். நான்கு பக்கம் இருப்பதால் இரண்டு முறை.

கையெழுத்து கடைசி வேலை. இலக்கத்தை டைரக்டரி சொல்லலாம், இடத்தைச் சீட்டு சொல்லலாம், நிறத்தைத் தாள் கடைக்காரர் சொல்லலாம், கட்டத்தை நிரப்ப ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் படித்த வரையில் இந்தப் பெரியவர்களில் ஒருவரும் படத்தில் யார் பெயரைப் போடுவது என்று மட்டும் குலுக்கிப் பார்த்ததில்லை. ஷோலேயில் எண்களை வாசித்தவர்கள் மனைவியும் மகன்களும், படம் மொரெல்லேயுடையது. நீங்களும் பேனாவை யோசிக்காமல் எடுங்கள். 44 மணி நேரம் "ரெட்டை, ஒத்தை, ஒத்தை, ரெட்டை" என்று தொண்டை வறள வாசித்தவர் பின்னால் வந்து நின்று, "அப்போ என் பேரு?" என்று கேட்டால், கேன்வாஸுக்குப் பின்பக்கம் நிறைய இடம் இருக்கிறது என்று சொல்லிப் பென்சிலை நீட்டுங்கள். பேனா வேண்டாம்.